‘உங்கள் அஞ்சல்பெட்டி நிறைந்துவிட்டது’: எழுதியது ஐடி பிரிவா, திருடனா?

ஒரு கல்லூரியின் கணினிப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மின்னஞ்சல் திறக்கவில்லை, பிரிண்டர் காகிதத்தைத் தின்கிறது, புரொஜெக்டர் நீலத்திலேயே நிற்கிறது என்று வரும் எல்லாப் புகாருக்கும் எங்கள் அறைதான் வாசல். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, வேதியியல் துறைப் பேராசிரியை ஒருவர் இரண்டு மாடி இறங்கி வந்து கைபேசியை என் முன் நீட்டினார்.

“தம்பி, இதை நீங்கள்தான் அனுப்பினீர்களா? யாரோ ஏமாற்றப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது.”

வாங்கிப் பார்த்தேன். ‘அன்புள்ள பயனர், உங்கள் கடவுச்சொல் வெள்ளிக்கிழமையோடு காலவதியாகிறது. கீழே உள்ள இணைப்பை அழுத்தி உடனே மாற்றவும். தவறினால் கணக்கு முடக்கப்படும். இப்படிக்கு, ஐடி பிரிவு.’

நான் அனுப்பியதுதான். ‘காலாவதி’யில் ஒரு துணைக்காலை விட்டிருந்தேன். கீழே என் பெயரும் இல்லை, தொலைபேசி எண்ணும் இல்லை. இணைப்பை அழுத்தினால் கல்லூரியின் பெயரே இல்லாத வேறொரு முகவரிக்குப் போனது. அந்த ஆண்டு ஒரு வெளி நிறுவனத்தின் மென்பொருளை வாங்கியிருந்தோம், அதன் முகவரி அது. “ஆமாம் மேடம், எங்களுடையதுதான், அழுத்தலாம்” என்று சொல்லி அனுப்பினேன். இதற்குப் போய் இரண்டு மாடி இறங்கி வரவேண்டுமா என்று மனதுக்குள் ஓர் எரிச்சலும் இருந்தது.

மூன்று வாரம் கழித்து இன்னொரு கடிதம் கல்லூரி முழுக்கச் சுற்றியது. கல்லூரியின் முத்திரை, பிழையில்லாத ஆங்கிலம், என்னுடையதைவிடப் பணிவான நடை. அதை நாங்கள் அனுப்பவில்லை. மாலைக்குள் ஆறேழு பேர் கடவுச்சொல்லைத் தட்டிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களில் இருவர் கணினி அறிவியல் ஆசிரியர்கள். என் கடிதம் போலியைப் போலவும், போலிக் கடிதம் அசலைப் போலவும் இருந்ததுதான் அந்த மாதத்தின் கதை.

அன்றிலிருந்து, போலிக் கடிதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யார் கேட்டாலும் எழுத்துப்பிழையைத் தேடுங்கள் என்று நான் சொல்வதில்லை. பிழை இப்போது எங்களைப் போன்றவர்களிடம்தான் மிஞ்சியிருக்கிறது. திருடர்கள் செயற்கை நுண்ணறிவை வைத்து அச்சுக்குப் போகும் தரத்தில் எழுதிக்கொள்கிறார்கள். கடிதத்தின் முகத்தை உற்றுப் பார்ப்பதில் பெரிய பலன் இல்லை. பார்க்க வேண்டியவை இரண்டு. கடிதம் என்ன கேட்கிறது? எந்த வழியாகப் போகச் சொல்கிறது?

முதலில், ஒரு கடிதத்தால் எப்படி இவ்வளவு எளிதாகப் பொய் சொல்ல முடிகிறது என்பதைப் புரிந்துகொள்ளலாம்.

தபால் உறையின் மூலையில் ‘அனுப்புநர்’ என்று ஒரு பகுதி இருக்கிறதல்லவா? அதில் ‘மாவட்ட ஆட்சியர்’ என்று நான் எழுதிப் பெட்டியில் போட்டாலும் கடிதம் போய்ச் சேரும். தபால்காரருக்கு வேண்டியது பெறுநர் முகவரிதான். மின்னஞ்சலும் இதே மாதிரிதான் பிறந்தது. உலகத்து மின்னஞ்சல்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் எஸ்எம்டிபி என்ற விதிமுறையை 1982இல் ஜான் போஸ்டல் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் எழுதினார். அப்போது, இணையத்தின் முன்னோடியான வலையமைப்பில் இருந்தவை சில நூறு கணினிகள். பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களும். ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் பேசிக்கொள்ளும் தெருவில் யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. அனுப்புநர் இடத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே நம்பும் வழக்கம் அங்கிருந்து வந்தது.

பிறகு ஒட்டுப்போட்டார்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று சரிபார்ப்புகள் இருக்கின்றன. ஒரு முகவரியின் பெயரால் கடிதம் அனுப்ப எந்தெந்தச் சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்று பார்ப்பது முதலாவது. கடிதத்தில் இருக்கும் மின்-கையெழுத்து சரிதானா, வழியில் யாரும் திருத்தினார்களா என்று பார்ப்பது இரண்டாவது. இவை இரண்டும் தேறாவிட்டால் கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று அந்த முகவரியின் சொந்தக்காரரே முன்கூட்டிச் சொல்லிவைப்பது மூன்றாவது. ஒரு நாளில் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோர் இம்மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று ஜிமெயில் 2024 பிப்ரவரியில்தான் கட்டாயமாக்கியது. விதிமுறை பிறந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து.

இதனால் ஒரு நிறுவனத்தின் முகவரியை அப்படியே போலியாக எழுதுவது முன்பைவிடக் கடினமாகியிருக்கிறது. ஆகவே திருடர்கள் பக்கத்துச் சந்துகளுக்கு மாறிவிட்டார்கள்.

முதல் சந்து, பெயர். மின்னஞ்சலில் அனுப்புநருக்கு ஒரு பெயரும் ஒரு முகவரியும் உண்டு. பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ‘ஐடி உதவி மையம்’ என்று பெயர் வைத்து ஓர் இலவச ஜிமெயில் கணக்கு தொடங்க இரண்டு நிமிடம் போதும். கைபேசியில் திரை சிறியது. பெயர் மட்டும் பெரிதாகத் தெரியும், முகவரி ஒளிந்திருக்கும். பெயரின் மேல் விரலை வைத்தால்தான் முகவரி விரியும். எங்கள் கல்லூரியில் ஏமாந்தவர்கள் எல்லோருமே கைபேசியில் படித்தவர்கள்.

இரண்டாவது சந்து, பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் முகவரி. ஆங்கிலத்தின் சிறிய ‘ஆர்’ எழுத்தும் ‘என்’ எழுத்தும் ஒட்டி நின்றால் ‘எம்’ போலத் தெரியும். ‘ஓ’ இருக்கவேண்டிய இடத்தில் பூஜ்யம், ‘எல்’ இடத்தில் ஒன்று. 2017இல் ஓர் ஆய்வாளர் ரஷ்ய எழுத்துகளை மட்டும் கொண்டு ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியைப் போலவே ஒன்றைப் பதிவுசெய்து காட்டினார். சில உலாவிகளில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. குரோம் உலாவி பிறகு இதைத் திருத்திக்கொண்டது. ஆனாலும் கண்ணை மட்டும் நம்புவதன் எல்லை எங்கே என்று அந்தச் சோதனை காட்டிவிட்டது.

மூன்றாவதுதான் மோசமானது: உங்களோடு வேலை செய்பவரின் உண்மையான கணக்கையே கைப்பற்றி, அதிலிருந்து எழுதுவது. அப்போது மேலே சொன்ன மூன்று சரிபார்ப்புகளும் தேறும். முகவரியும் சரியாக இருக்கும். பழைய உரையாடலின் தொடர்ச்சியாகவே வரும். எங்கள் ஆறேழு பேரில் ஒருவரின் கணக்கிலிருந்து மறுநாள் காலை அப்படித்தான் மற்றவர்களுக்குக் கடிதம் போனது.

இனி இணைப்புகளைப் படிக்கும் முறை. இது ஒன்றைமட்டுமாவது நிதானமாகப் பழகிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். ஒரு நிஜமான முகவரியையே எடுத்துக்கொள்ளலாம், தமிழ் எழுத்தில்:

மைஅக்கவுன்ட்.கூகுள்.காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ்.டிகே/செக்யூரிட்டி

நாம் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியவர்கள். ‘மைஅக்கவுன்ட்’, ‘கூகுள்’, ‘காம்’ என்று வந்ததும் மனம் சமாதானமாகிவிடுகிறது, மிச்சத்தைப் படிப்பதில்லை. முகவரியைப் படிக்க வேண்டியது தலைகீழாக. முதல் சாய்வுக்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு இடப்பக்கம், பின்னோக்கி நடந்து வாருங்கள். முதலில் ‘டிகே’. அது பசிபிக் கடலில் உள்ள டோக்கெலாவ் தீவுகளுக்கு உரிய குறியீடு. பல ஆண்டுகள் காசில்லாமல் யாருக்கும் கிடைத்துவந்தது. அதற்கு முன் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு முன் ‘காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ்’. நடுவில் இருப்பது சிறு கோடு, புள்ளி இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆக, இந்த வீட்டின் சொந்தக்காரர் ‘காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ்.டிகே’ என்பதைப் பதிவுசெய்த ஆள். அதற்கும் இடப்பக்கம் இருக்கும் ‘கூகுள்’ அவர் தன் இஷ்டத்துக்கு மாட்டிய பலகை. கடைப் பலகையில் ‘கலெக்டர் அலுவலகம் எதிரில்’ என்று எழுதியிருப்பதால் கடை கலெக்டருடையது ஆகிவிடாது.

இந்தியாவில் இதற்கு ஒரு சிறு வசதி உண்டு. ‘ஏசி.இன்’, ‘எஜு.இன்’ என்று முடியும் முகவரிகள் கல்வி நிறுவனங்களுக்கும், ‘கவ்.இன்’ என்று முடிபவை அரசு அமைப்புகளுக்கும் மட்டுமே தரப்படுகின்றன. போகிற வருகிறவர் விலைக்கு வாங்க முடியாது. ‘கவ்.இன்’னுக்கு முன்னால் மாநிலத்தின் பெயர் வருவதும் உண்டு. கடைசித் துண்டு ‘கவ்.இன்’தானா என்று பாருங்கள். ‘காம்’, ‘ஆர்க்’, வெறும் ‘இன்’ ஆகியவற்றை எவரும் வாங்கலாம்.

கணினியில் இணைப்பின் மேல் சுட்டியை வைத்து அழுத்தாமல் நிறுத்தினால், உலாவியின் கீழ் மூலையில் உண்மையான முகவரி தெரியும். கைபேசியில் விரலை அழுத்தியபடி வைத்திருந்தால் காட்டும். முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுப் படத்தை நம்பிப் பயனில்லை. அந்தப் பூட்டுக்கு, உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டும்தான் பொருள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யோக்கியரா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. திருடனும் இலவசமாகவே வாங்கி மாட்டிக்கொள்ளலாம். மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று சொல்லியே 2023இல் குரோம் அந்தப் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறு படம் வைத்தது.

மேலே காட்டிய முகவரி சாதாரணமானது அன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 2016 மார்ச் 19 அன்று, அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹிலாரி கிளின்டனின் பிரசாரக் குழுத் தலைவரான ஜான் பொடெஸ்டாவின் ஜிமெயிலுக்கு ஒரு கடிதம் வந்தது. ‘உங்கள் கடவுச்சொல் யாரிடமோ இருக்கிறது, உக்ரைனிலிருந்து யாரோ உள்ளே நுழைய முயன்றார்கள், தடுத்துவிட்டோம், உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள்’ என்று கூகுள் எழுதுவது போன்ற வாசகம். கீழே ஒரு பொத்தான். பொத்தானுக்குப் பின்னால் சுருக்கப்பட்ட ஓர் இணைப்பு. அது போய்ச் சேரும் இடம் அந்த டோக்கெலாவ் முகவரி.

அவருடைய ஆட்கள் செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். கடிதத்தைத் தங்கள் ஐடி உதவி மையத்துக்கு அனுப்பிக் கேட்டார்கள். அங்கிருந்து பதில் வந்தது: இது முறையான கடிதம்தான், அவர் உடனே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். ‘முறையற்றது’ என்று எழுத நினைத்து எழுத்து தவறிவிட்டது என்று அந்தப் பணியாளர் பின்னாளில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழிடம் சொன்னார். யாரோ ஒருவர் பொத்தானை அழுத்தினார். பல்லாயிரம் கடிதங்கள் பறிபோயின. அக்டோபர் 7 முதல், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் அவற்றை வெளியிடத் தொடங்கியது. 2018 ஜூலையில், தேர்தல் காலத்து ஊடுருவல்களுக்காக ரஷ்ய ராணுவ உளவுத் துறையைச் சேர்ந்த 12 பேர் மீது அமெரிக்கா குற்றம் சாட்டியது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு சொல் தவறிய இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதே பதிலில் இருந்த இன்னொரு வரி. கடவுச்சொல்லை மாற்றுவதற்காகக் கூகுளின் சரியான முகவரியையும் அவர் எழுதிக் கொடுத்திருந்தார். கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலையும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடவும் சொல்லியிருந்தார். அந்த வழியாகப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ‘முறையான கடிதம்’ என்ற தீர்ப்பு தவறாகவே இருந்தாலும்கூட, கடிதம் காட்டிய வழியை விட்டுவிட்டு வேறு வழியில் போயிருந்தால் ஒரு கடிதமும் திருடு போயிருக்காது. தீர்ப்பு சொல்வதில் நாம் எல்லோரும் தவறுவோம், ஐடி ஆட்கள் உட்பட. வழியை மாற்றிக்கொள்வதில் தவறுவதற்கு இடம் குறைவு.

இதைத்தான் நான் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்கிறேன். அஞ்சல்பெட்டி நிறைந்துவிட்டது என்று கடிதம் வந்தால் கடிதத்தை மூடுங்கள். அஞ்சல்பெட்டியை வழக்கம்போல் திறந்து, எவ்வளவு இடம் மிச்சம் என்று அங்கேயே பாருங்கள். கடவுச்சொல் காலாவதி என்று வந்தால், கல்லூரித் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, அல்லது நீங்கள் சேமித்து வைத்த குறியிலிருந்து நுழையுங்கள். உண்மையிலேயே காலாவதி என்றால் உள்ளே நுழைந்ததும் சொல்லும். தொலைபேசியில் கேட்பதானால் கடிதத்தில் இருக்கும் எண்ணை அழைக்காதீர்கள். அடையாள அட்டையின் பின்புறமோ அலுவலகப் பட்டியலிலோ இருக்கும் எண்ணை அழையுங்கள். கடிதம் அசலாக இருந்தால் உங்களுக்கு இரண்டு நிமிடம் வீண். அவ்வளவுதான்.

இனி அந்தக் கடிதம் என்ன கேட்கிறது என்பது. எங்கள் கல்லூரியில் சுற்றியதைத் தமிழில் தருகிறேன்:

‘மதிப்பிற்குரிய பயனருக்கு, உங்கள் அஞ்சல்பெட்டியில் 98 சதவீத இடம் நிரம்பிவிட்டது. 24 மணி நேரத்துக்குள் உங்கள் கணக்கை உறுதிசெய்யாவிட்டால், உள்ளே வரும் கடிதங்கள் நிரந்தரமாக அழிக்கப்படும். கூடுதல் இடம் இலவசமாகப் பெற, கீழே உள்ள பொத்தானை அழுத்தி உங்கள் பயனர்பெயரையும் தற்போதைய கடவுச்சொல்லையும் பதிவிடவும்.’

பேராசிரியர்களுக்கு எது வலிக்கும் என்று தெரிந்து எழுதியிருக்கிறார்கள். தேர்வுத்தாள் திருத்தும் காலம், ஆய்வு மாணவர்களின் கட்டுரைகள் குவியும் நேரம். கடிதம் அழிந்தால் பதறுவார்கள். ஆனால் அந்த மிரட்டலே தொழில்நுட்பப்படி அபத்தம். பெட்டி நிறைந்தால், புதிதாக வரும் கடிதம் உள்ளே இடமில்லாமல் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். உங்களுக்கு வந்து சேர்ந்தவற்றை 24 மணி நேரத்தில் எந்த நிர்வாகியும் கூட்டிக் கழுவமாட்டார். அப்படிச் செய்தால் முதல்வர் அறையில் நாங்கள்தான் நிற்க வேண்டும். கெடு மட்டும் எதற்கு? நீங்கள் இரண்டு மாடி இறங்கி வந்து கேட்டுவிடக் கூடாதே என்பதற்கு.

‘தற்போதைய கடவுச்சொல்’ என்ற இடத்தில்தான் எல்லாம் வெளிப்படுகிறது. இதை ஐடி பிரிவில் இருப்பவனாகச் சொல்கிறேன்: உங்கள் கடவுச்சொல் எனக்குத் தேவையே இல்லை. உங்கள் கணக்கில் கோளாறு என்றால் நிர்வாகிக்கு உரிய அதிகாரத்தோடு என் கணக்கிலிருந்தே சரிசெய்வேன். நீங்கள் மறந்துவிட்டால் பழையதைத் தேடமாட்டேன், புதிதாக ஒன்றை வைத்துக்கொள்ள வழிசெய்து தருவேன். ஒழுங்காக அமைத்த கணினிகளில் கடவுச்சொல் அப்படியே எழுதிவைக்கப்படுவதும் இல்லை. அரைத்த மாவைப்போல் திரும்ப அரிசியாக்க முடியாத ஒரு வடிவில்தான் இருக்கும். நீங்கள் தட்டச்சு செய்வதையும் அதேபோல் அரைத்து, இரண்டும் ஒன்றுதானா என்று கணினி ஒப்பிடுகிறது. ஆகவே கடவுச்சொல்லை எழுதி அனுப்பு, தொலைபேசியில் சொல், ஓடிபியைப் படித்துக் காட்டு, திரையில் வரும் ‘ஆமாம், நான்தான்’ என்பதை அழுத்து என்று எவன் கேட்டாலும் அவன் ஐடி ஆள் இல்லை. உண்மையிலேயே ஐடி ஆளாக இருந்தால் அவருக்கு அந்த வேலை தெரியவில்லை. இரண்டிலும் உங்கள் பதில் ஒன்றுதான்.

இது ஒன்றும் புதிய தந்திரம் இல்லை. இப்படி வேடம் போட்டுக் கடவுச்சொல்லைத் திருடுவதற்கு ஃபிஷிங் என்று பெயர். அந்தச் சொல்லே 1990களின் நடுவில் அமெரிக்கா ஆன்லைன் என்ற சேவையைச் சுற்றிப் பிறந்தது. சொல்லின் வேர் தூண்டில் போடுவதுதான். அங்கே திருடர்கள் போட்ட முதல் வேடம், அந்த நிறுவனத்தின் ஊழியர் வேடம். ‘கணக்கைச் சரிபார்க்கிறோம், கடவுச்சொல்லைச் சொல்லுங்கள்’ என்று அரட்டைச் செய்தி அனுப்புவார்கள். எங்கள் ஊழியர் யாரும் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கமாட்டார்கள் என்று அந்த நிறுவனம் செய்திப் பெட்டியிலேயே எழுதி வைக்கவேண்டி வந்தது.

‘கடவுச்சொல் காலாவதி’ என்ற கடிதத்துக்கு இவ்வளவு வலிமை வந்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் எல்லோரையும் பழக்கிவிட்டோம். திருட்டுப் போனதற்கான அடையாளம் இல்லாமல் கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்காவின் என்ஐஎஸ்டி என்ற தர நிர்ணய நிறுவனம் 2017இலேயே எழுதிவிட்டது. மைக்ரோசாஃப்டும் 2019இல் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து அந்த விதியை நீக்கியது. பல அலுவலகங்களில் பழைய வழக்கம் இன்னும் ஓடுகிறது. உங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு விதி உண்டா, இல்லையா என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டால், இந்தவகைக் கடிதங்களில் பாதியை முதல் வரியிலேயே தள்ளிவிடலாம்.

ஓடிபி வைத்திருக்கிறேன், எனக்குக் கவலையில்லை என்பவர்களுக்கு 2020 ஜூலை மாதத்து ட்விட்டர் சம்பவத்தைச் சொல்வேன். அப்போது பெருந்தொற்றுக் காலம், ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள், அலுவலக வலையமைப்புக்குள் வெளியிலிருந்து நுழைய உதவும் விபிஎன் அடிக்கடி தகராறு செய்தது. அந்த ஊழியர்களுக்குத் தொலைபேசி வந்தது: “ஐடி உதவி மையத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் விபிஎன் பிரச்சினை தொடர்பாக.” பலருக்கும் உண்மையாகவே அந்தப் பிரச்சினை இருந்ததால் பேச்சு நம்பும்படி இருந்தது. ட்விட்டரின் நுழைவுப் பக்கத்தைப் போலவே செய்த ஒரு பக்கத்துக்கு அனுப்பினார்கள். ஊழியர் அங்கே தட்டச்சு செய்ததை, அதே நொடியில் திருடர்கள் அசல் பக்கத்தில் தட்டச்சு செய்தார்கள். அசல் பக்கம் ஊழியரின் கைபேசிக்கு உறுதிப்படுத்தும் கேள்வியை அனுப்பியது. ஊழியர்களில் சிலர், நாம்தானே நுழைகிறோம் என்று நினைத்து அனுமதித்தார்கள். பராக் ஒபாமா, ஜோ பைடன், பில் கேட்ஸ், எலான் மஸ்க் ஆகியோரின் கணக்குகளிலிருந்து, பிட்காயின் அனுப்புங்கள், இரட்டிப்பாகத் தருகிறேன் என்று செய்திகள் பறந்தன. இதன் பின்னால் இருந்த முக்கிய ஆளுக்கு வயது 17.

ஆக, ஓடிபி நல்லதுதான், கட்டாயம் வையுங்கள். ஆனால் போலிப் பக்கத்தில் போய் அதைத் தட்டச்சு செய்தால் பூட்டையும் சாவியையும் சேர்த்தே கொடுத்ததாகும். மனிதக் கண் ஏமாறும் இடத்தில் ஏமாறாத ஒன்று இருக்கிறது, இயந்திரம். உங்கள் கடவுச்சொற்களை உலாவியிலோ கடவுச்சொல் மேலாளரிலோ சேமித்து வைத்திருந்தால், அது முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பிறகுதான் தானாக நிரப்பும். வழக்கமாக நிரம்பும் பெட்டி இன்று காலியாக நிற்கிறதென்றால், ‘சே, இது வேறு’ என்று கையால் தட்டச்சு செய்யப் போகாதீர்கள். அது உங்கள் காதில் ஏதோ சொல்கிறது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் கைபேசியோ கணினியோ வைத்திருக்கும் பாஸ்கீ, கணினியில் செருகும் யுஎஸ்பி சாவி ஆகியவை இதில் இன்னும் ஒரு படி மேல். முகவரி மாறினால் அவை வேலையே செய்யா. கூகுள் 2017இல் தன் 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு அந்தச் சாவிகளைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு ஒரு ஊழியரின் அலுவலகக் கணக்குகூடத் தூண்டிலில் மாட்டவில்லை என்று 2018இல் சொன்னது.

இணைப்புக்குப் பதில் க்யூஆர் கட்டம் வந்தாலும் விஷயம் ஒன்றுதான். கணினித் திரையில் இருக்கும் கட்டத்தைக் கைபேசியில் படிக்கவைப்பதில் அவர்களுக்கு ஒரு லாபம் உண்டு: அலுவலகக் கணினியின் காவலைத் தாண்டி உங்கள் சொந்தக் கைபேசிக்கு வந்துவிடுகிறீர்கள். எதிர்பாராமல் வரும் இணைப்புக் கோப்புகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. எவர் பெயரில் வந்தாலும் கேட்டுவிட்டுத் திறவுங்கள்.

சரி, அழுத்திவிட்டேன், கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டேன் என்றால்? முதலில், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். எங்கள் ஆறேழு பேரில் ஒருவர் அன்று மாலையே சொன்னார். பத்து நிமிடத்தில் முடிந்தது. இன்னொருவர் நான்கு நாள் கழித்துச் சொன்னார். அதற்குள் அவர் கணக்கிலிருந்து இருநூறு பேருக்குக் கடிதம் போயிருந்தது. நேர்வழியில் நுழைந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள்; அதே கடவுச்சொல்லை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கும். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் பொத்தானை அழுத்துங்கள். இல்லாவிட்டால் ஏற்கெனவே உள்ளே இருப்பவன் உள்ளேயே இருப்பான். பிறகு பலரும் மறக்கும் ஒன்று: அமைப்புகளுக்குப் போய், உங்கள் கடிதங்கள் வேறு முகவரிக்குத் தானாகப் போகும்படி யாராவது விதி எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நான்கு நாள் கழித்துச் சொன்னவரின் கணக்கில் அப்படி ஒன்று இருந்தது. கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அவருடைய கடிதங்களின் நகல் வெளியே போய்க்கொண்டே இருந்தது. ‘மோசடி’ என்ற சொல் உள்ள கடிதங்கள் நேரே குப்பைக்குப் போகும்படி இன்னொரு விதியும். நாங்கள் அனுப்பிய எச்சரிக்கையை அவர் பார்க்காததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் கடிதம் எழுதும் விதத்தை மாற்றிக்கொண்டேன். இணைப்பு வைப்பதில்லை. ‘கல்லூரித் தளத்தில் வழக்கம்போல் நுழைந்து, உங்கள் பெயரை அழுத்தினால் இந்த அறிவிப்பு தெரியும்’ என்று எழுதுகிறேன். கெடு வைப்பதானால் பத்து நாளாவது. கீழே என் பெயர், அறை எண். தொலைபேசி எண்ணை வேண்டுமென்றே போடுவதில்லை, ‘துறை அலுவலகப் பட்டியலில் இருக்கிறது’ என்று மட்டும்.

போன மாதம் அப்படி ஒன்று அனுப்பினேன். அரை மணி நேரத்தில் வேதியியல் பேராசிரியை வந்து நின்றார், கைபேசியை நீட்டியபடி.

“தம்பி, இதில் அழுத்துவதற்கு ஒன்றுமே இல்லையே. நீங்கள் அனுப்பியதுதானா?”